வெறுந்தண்ணீர் காட்டியவள்

எனக்கு மறதி வராது. யாராவது என்னை ஒரு சொல் சொல்லிவிட்டால், சொன்ன இடம், சொன்னவர் போட்டிருந்த சட்டை, அப்போது தலைக்கு மேல் கிறீச்சிட்ட மின்விசிறி எல்லாம் சேர்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் எழுந்து போகாது. "உன் மன்சு ஐஸ் பொட்டி மாரிமே. உள்ள போட்டது கெடவே கெடாது" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எண்ணூர் முகத்துவாரத்தில் ஃபைபர் போட் ஓட்டுகிறவர். அவருக்குக் கோபம் வந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போய்விடும். எனக்கு அப்படி வாய்க்கவில்லை.

ஆகவே என் மேலதிகாரியான அந்த ஆளைப் பற்றி நான் நியாயமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆபீஸில் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். முகத்துக்கு நேராக இன்றைக்கும் சார்தான். மனசுக்குள் அவன் எப்போதும் அவன்தான், இதை நான் மனசிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஆபீஸ் ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கடலோரத்தில் எதையாவது கட்டவோ தோண்டவோ நினைக்கும் கம்பெனிகள் அங்கே வரும். அந்த இடத்துக் கடல் எப்படி இருக்கிறது, அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று ஆய்வு செய்து அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் ஆபீஸின் தொழில். அவன் அங்கே மூத்த விஞ்ஞானி. நான் விலங்கியல் படித்தவள், மீனவர் வீட்டில் பிறந்து, முகத்துவாரத்து ஓரத்தில் இருக்கும் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். காலையில் எண்ணூரில் மின்ரயில் ஏறி ராயபுரம் போவேன். அங்கே என் வேலை, கடலிலிருந்து பாட்டிலில் வரும் கலங்கல் தண்ணீரைச் சின்னத் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, மீன்குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எண்ணுவது. பொறுக்கி முடித்தபிறகு முடிவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, மிச்சத் தண்ணீரோடு பாட்டிலுக்குள்ளேயே போட்டு மூடிவைக்க வேண்டும். சீட்டில் பேனாவால் எழுதக் கூடாது, மை கரைந்துவிடும், பென்சிலால் எழுதினால் பதப்படுத்த ஊற்றும் ஃபார்மலினில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அழியாது என்று முதல் நாளே அவன் சொல்லிக்கொடுத்தான். அவனிடம் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மீன்குஞ்சு என்றதும் விரல் நீளத்துக்குத் துள்ளுவதை நினைக்காதீர்கள். முட்டையிலிருந்து வெளியே வந்து சில நாளே ஆனவை அவை. உடைந்த சேமியா அளவுதான் இருக்கும். உடம்பு கண்ணாடி, இரண்டு கறுப்புக் கண் மட்டும்தான் தெரியும். மடவையும் கொடுவாவும் கிழங்கானும் அந்த வயசில் ஒன்றுபோலத்தான் இருக்கும், பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். தண்ணீரை எதிர்த்து நீந்த அதற்குப் பலம் கிடையாது. ஆபீஸ் நேரத்தில் மின்ரயிலில் ஏறிவிட்ட ஆள் மாதிரி, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக வேண்டும். ஆனாலும் அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும்போது அது மேலே எழும்பி அந்த ஓட்டத்தோடு உள்ளே போய்விடும். தண்ணீர் திரும்ப இறங்கும்போது அடியில் போய்ச் சேற்றை ஒட்டிப் பதுங்கிவிடும். வெயில் ஏறினால் மேலே தலையே காட்டாது. உள்ளே போய்ச் சேர்ந்ததுதான் அலையாத்திக் காட்டு வேர்களுக்குள் தின்று வளர்ந்து, எங்கள் வலையில் மீனாக விழும். முகத்துவாரம் எங்கள் குப்பத்துக்கு வாசல் என்றால், வந்து போகிறவர்கள் இவர்கள்தான்.

கடலும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடக்கேயிருந்து ஓடிவரும் நீரோட்டத்தை எங்கள் பக்கம் வன்னி என்பார்கள், தெற்கேயிருந்து வருவது தெண்டி. வன்னி ஓடும்போது தண்ணீர் குளிர்ந்து கலங்கும், அதில் குஞ்சுக்குத் தீனி இருக்கும், குஞ்சும் இருக்கும். வெயில் காலத்தில் தெண்டி ஓடினால் தண்ணீர் தெளிந்து சூடேறிக் கிடக்கும். அப்போது விடியற்காலை ஏற்றத்தில் மட்டும்தான் கொஞ்சம் அகப்படும். இதெல்லாம் எங்கள் குப்பத்தில் ரகசியமே இல்லை. கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகும் பெண்களுக்குக்கூடத் தெரியும்.

நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே நான் சொல்வேன், "சார், இந்த பாட்டில் வன்னியில எடுத்தது." அவன் நம்பமாட்டான். போய்க் கருவியின் பதிவைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பான். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் காற்றுக்கு எந்தத் தண்ணீர், எந்தத் தண்ணீருக்கு எந்தக் குஞ்சு, எந்த நேரத்துக்கு எந்த ஆழம். பல மாதம் சொன்னேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். விஞ்ஞானி ஒருத்தன் நான் சொல்வதை எழுதுகிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் ஏதோ கம்பெனியிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பாட்டில்களை எடுத்துக்கொண்டு மீட்டிங் அறைக்கு வரச் சொன்னான். உள்ளே போனால், திரையில் முகத்துவாரத்தின் படம், அதில் நான் சொன்ன வன்னி ஒரு நீல அம்பு, நான் சொன்ன தெண்டி ஒரு சிவப்பு அம்பு. "பல வருஷமா நான் கவனிச்சுக் கண்டுபிடிச்ச பேட்டர்ன் இது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வந்தவர்களில் ஒருவர் என்னைக் காட்டி, "இவங்களும் உங்க ஆய்வுக் குழுவா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சேச்சே, பாட்டில் கழுவுற அம்மா."

நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். எல்லோரும் அது சரிதான் என்பது போலத் திரையைப் பார்த்தார்கள். நான் பாட்டில்களை வைத்துவிட்டு வெளியே வந்தேன். உன் மூக்கை உடைக்காமல் விட்டால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டேன்.

மூக்கை எப்படி உடைப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. அதற்கு எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மீன் படும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்டவரைச் சும்மாவும் அனுப்பமாட்டார்கள். ரொம்ப மரியாதையாகக் கையை நீட்டி, மீனே இல்லாத பக்கத்தைக் காட்டுவார்கள். இதற்கு வெறுந்தண்ணி காட்டுவது என்று பெயர். போனவர் பாதி நாள் வலை இழுத்து, நாக்கு தள்ளி, காலி வலையோடு கரைக்கு வருவார். "இன்னா நைனா, பாடு பலமா?" என்று கரையே கேட்கும். அவர் எல்லோருடைய குடும்பத்தையும் இழுத்துத் திட்டுவார். அடுத்த வாரம் அவர் நமக்குக் காட்டுவார். அதோடு தீர்ந்தது. காலி வலையோடு வந்து நிற்கும்போது அந்த முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதுதான் தண்டனை.

எனக்கு வாய்ப்பும் தானாக வந்தது. முகத்துவாரத்தின் வாயில் மணல் மேட்டை வெட்டிக் கால்வாய் தோண்டி, இரண்டு பக்கமும் கல் கொட்டி, சரக்குப் படகு வந்துபோக வழி செய்ய ஒரு கம்பெனிக்கு ஆசை. அதற்கு எங்கள் ஆபீஸிடம் அறிக்கை கேட்டிருந்தார்கள். அவனுக்கோ அந்த அறிக்கையைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் எண்ணூர் மீன்குஞ்சு பற்றிப் பேசப்போவதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அதற்கு நல்ல பாட்டில்கள் வேண்டும். "நீங்க அந்த ஊர்தானே, உங்க வீட்டுக்காரர் போட் கிடைக்குமா? எந்த நேரம் போகலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

கால்வாய் எனக்கு நினைவில்லையா என்று கேட்பீர்கள். நினைவிருந்தது. ஆனால் இந்த மாதிரி அறிக்கைகள் எத்தனையோ ராயபுரத்து அலமாரியில் பூச்சி அரித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காகிதம் வெறும் காகிதம் என்று நினைத்தேன். என் கண்ணில் அந்த நீலக் கோடு போட்ட சட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாணாம்மே. அவுரு இன்னா உன் சொத்தயா புடுங்கிட்டாரு? பாட்டில் கழுவுறன்னு சொன்னாரு. நீ கழுவலியா?"

"கழுவுறேன்யா. அத்த அவன் சொல்லக் கூடாது."

"சொம்மா கீற சங்க ஊதிகினு… பேஜாராப் பூடும், பாத்துக்க."

"நீ போட்ட ஓட்டு. வாய ஓட்டாத."

சித்திரை மாதம். மூன்று நாள் கூட்டிப்போனேன். தெண்டி ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீருக்கு அடியில் கிடந்த மணல் வரி வரியாகத் தெரிந்தது. விடியற்காலை ஏற்றத்தைத் தாராளமாகப் போகவிட்டு, பதினோரு மணி வெயிலில், தண்ணீர் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, மேட்டுக்குத் தெற்கே நிறுத்தி, மேலாக வலையை விடச் சொன்னேன். நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினானே தவிர, கடலைப் பார்த்து அதை அடையாளம் காண அவனுக்குத் தெரியாது. அவன் ஆரஞ்சு நிற மிதவை அங்கி மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் நேரப் பட்டியலைப் பார்த்தான். "தண்ணி இறங்குற நேரம்னு காட்டுதே?"

"அது ஹார்பர் கணக்கு சார். இங்க மணல் மேடு தடுக்கும். முகத்துவாரத்துல எப்பவும் லேட்டாதான் திரும்பும்." அதில் பாதி நிஜம். நல்ல பொய்க்குப் பாதி நிஜம் போட்டுத்தான் பிசைய வேண்டும்.

குஞ்சு பிடிக்கும் வலை நீளமான காலுறை போல இருக்கும், வாலில் ஒரு குப்பி. பத்து நிமிஷம் இழுத்துத் தூக்கினால் குப்பியில் தண்ணீர், சொறி என்கிற ஒரு வழவழப்பு ஜெல்லிமீன், பிளாஸ்டிக் கிழிசல். அவன் குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். அவன் முகம் தொங்கியது. ஐயோ, அந்தத் தொங்கலை நான் எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன் தெரியுமா! திரும்பும்போது மூக்குத் தோல் உரிந்து, ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். "தண்ணி குடிங்க சார், பாவம்" என்று நானே பாட்டிலை நீட்டினேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் மூன்று நாள் பாட்டில்களையும் நானே தட்டில் ஊற்றிப் பார்த்தேன். மூன்று சீட்டு எடுத்தேன். பென்சிலைக் கூராகச் சீவி, 'மீன்குஞ்சு இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன் வந்ததில்லை.

மூன்று சீட்டையும் அவன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கத்துவான், தலையில் கை வைப்பான் என்று எதிர்பார்த்து நின்றேன். முதல் நாள் தொங்கிய முகம் அதற்குள் தேறியிருந்தது. கம்பெனிக்காரர்களோடு பேசியிருப்பான் போல. சீட்டைப் பார்த்தான், படம் எடுத்துக்கொண்டு தலையாட்டினான். "பரவாயில்லை. இல்லைங்கிறதும் ஒரு ரிசல்ட்தான். சீட்டை பாட்டில்ல போட்டு மூடி வெச்சுடுங்க" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவனுக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன். அவன் சொன்னது என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

புரட்டாசியில் விளங்கியது. கால்வாய் பற்றி ஊரின் கருத்தைக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் குப்பமே வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தது. மேடையில் விசாரணை அதிகாரி, ஒரு அம்மா. பக்கத்தில் கம்பெனி ஆட்கள், ஓரத்தில் அவன். நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். ஒருவர் எழுந்து அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தார். முகத்துவாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் ஆய்வு செய்ததில் மீன்குஞ்சு எதுவும் காணப்படவில்லை, ஆகவே அங்கே கால்வாய் தோண்டுவதால் மீன்வளத்துக்குப் பாதிப்பு இல்லை.

மண்டபம் கொதித்தது. எங்கள் குப்பத்துத் தலைவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "எவன்டா சொன்னான் குஞ்சு இல்லன்னு? கப்சா உடுறான்! எங்க வூட்டு அடுப்பு எத்துல எரியுது?"

அவன் நிதானமாக எழுந்து மைக்கை வாங்கினான். "ஐயா, கோபப்படாதீங்க. போட் உங்க ஊர் போட். நேரமும் இடமும் சொன்னது உங்க ஊர்க்காரங்க. எண்ணிப் பார்த்து இல்லைன்னு கையெழுத்துப் போட்டதும் அவங்கதான்." தாளைத் தூக்கிக் காட்டினான். மூன்று சீட்டையும் பெரிதாகப் படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். பின் வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

காதில் கடல் இரைந்தது. எங்கள் கரையில் காலி வலை என்றால் அன்றைக்குக் குழம்பு இல்லை, அவ்வளவுதான். அவர்கள் மேசையில் காலி வலை ஒரு சான்று. அதைத் தயாரித்து, அழகாகக் கையெழுத்தும் போட்டு, அவன் கையில் கொடுத்தவள் நான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால்கூடப் பரவாயில்லை, குப்பத்தின் தலையில் போட்டிருந்தேன். எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுந்தேன். "நான் பொய் சொன்னேன்மா" என்று அந்த அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். "இவரு மேல இருந்த கோவத்துல, குஞ்சு இல்லாத நேரமாப் பாத்து, இல்லாத பக்கமா கூட்டிகினு போனேன். வெறுந்தண்ணி காட்டினேன்."

அவன் உதட்டைப் பிதுக்கினான். "அன்னிக்குப் பொய் சொன்னேங்கறாங்க. இன்னிக்குச் சொல்றது உண்மைன்னு எப்படி நம்புறது?" என்று கேட்டான். அவன் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அதுதான், அதனால் அவன் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, ஐப்பசியில் ஒரு வாரம் ஒதுக்குகிறேன், அதே ஆபீஸ், அதே முகத்துவாரம், நேரத்தையும் பக்கத்தையும் ஊர் சொல்லட்டும், ஊர் ஆட்களும் கூட இருக்கட்டும், மறுபடி எடுங்கள், அதற்குள் கிடைப்பதை வைத்து முடிவு என்றார்.

வெளியே வந்ததும் தலைவர் என்னை நிறுத்தினார். "குஞ்ச காட்டு. காட்டிட்டு அப்பால ஊர்க்குள்ள பேசு." அன்றிலிருந்து தண்ணீர் லாரி வரும்போது என் குடத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. யாரும் திட்டவில்லை. என்னோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போய், இதே குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், என் கண்ணெதிரே தலையைத் திருப்பிக்கொண்டு பிள்ளைக்குப் பேன் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். எல்லாக் கோபத்தையும் சேர்த்து அவன் கணக்கிலேயே வைத்தேன்.

ஐப்பசி வந்தது. வாடைக் காற்று திரும்பி வன்னி ஓட வேண்டிய மாதம். திரும்பவில்லை. தெண்டி போக மனசில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நாள் விடியற்காலை ஏற்றத்தில், சரியான பக்கத்தில், சரியான ஆழத்தில் வலை விட்டோம். தலைவரும் போட்டில் உட்கார்ந்திருந்தார். குப்பியில் அரிசியில் கல் கிடப்பது போல ஒன்று, இரண்டு. கடலைப் பார்த்து நான் திட்டாத திட்டு இல்லை. என் பொய்க்கு அது இப்போது சாட்சி சொல்கிறது போல இருந்தது. ஐந்தாம் நாள் கரையில் இறங்கும்போது அவன் சொன்னான், "கடலும் உங்களை மாதிரியே பேச்சு மாறுது பாருங்க. நாளையிலிருந்து நான் வரலை. அஞ்சு நாள் டேட்டா போதும், எழுதிடுறேன்."

ஆறாம் நாள் விடிகிற நேரம் வீட்டுக்காரர் கரைக்குப் போய்விட்டு ஓடி வந்தார். கால் முழங்கால் வரை நனைந்திருந்தது. "காத்து திரும்பிச்சுமே! வன்னி வந்துகினு கீது. தண்ணி சில்லுன்னு கீது, கலங்கிகீது. ஏத்தம் இன்னும் ரெண்டு மணி நேரம்கூட நிக்காது. ஆளக் கூப்புடு!"

அவன் கைப்பேசி அணைந்திருந்தது. தங்கியிருந்த விருந்தினர் விடுதி கிட்டத்தில்தான். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். காவலாளி விடமாட்டேன் என்றார். கத்தினேன். மாடியில் ஜன்னல் திறந்தது. லுங்கியோடு கீழே வந்தான், கண்ணில் பீளை.

"சார், வாங்க சார். தண்ணி மாறியிருக்கு. இன்னிக்கு இருக்கும் சார்."

"நேத்தே சொன்னேனே, முடிஞ்சுடுச்சு."

"இன்னும் ரெண்டு நாள் பாக்கி கீது சார். இந்த ஒரு தடவை. உங்க கால்ல வேணா வுழுறேன்." வாய் சொல்லிவிட்டது. இந்த வாயா சொன்னது என்று எனக்கே ஆகிவிட்டது.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான், "ஏம்மா, அன்னிக்கு ஏன் அப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"கம்பெனிக்காரங்க முன்னாடி பாட்டில் கழுவுற அம்மான்னு சொன்னீங்க."

நெற்றியைச் சுருக்கினான். "நானா? எப்போ?"

சத்தியமாக அவனுக்கு நினைவில்லை. இத்தனை மாதம் நான் சோற்றோடு பிசைந்து தின்ற சொல், அவன் வாயிலிருந்து விழுந்த அன்றைக்கே காணாமல் போயிருந்தது. அவனை அந்த வாசலிலேயே அறைந்திருப்பேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் விடுங்க சார், செருப்பப் போடுங்க" என்றேன்.

வலையைத் தூக்கியபோதே தெரிந்தது. குப்பி கனத்தது. பாட்டிலில் ஊற்றினால், ஆறிய கஞ்சி போலக் கொழகொழவென்று ஏதோ, அந்தக் கஞ்சி முழுக்கக் கண்கள். கறுப்புக் கறுப்பாக, துடித்துக்கொண்டு. மடவை, கொடுவா, கிழங்கான், இன்னும் நான் தட்டில் பார்த்தே இராத ஏதேதோ. தலைவர் இரண்டு கையையும் கூப்பிக் கடலைப் பார்த்தார். அவன் குழந்தை மாதிரி குதித்தான், போட் ஆடியது. "வாழ்க்கையிலேயே இப்படி ஒரு சாம்பிள் எடுத்ததில்லை! மாநாட்டுல இதைக் காட்டுறேன் பாருங்க" என்று வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்தான். நான் சொன்ன நேரம், நான் சொன்ன இடம், நான் காலில் விழாத குறையாகக் கொண்டுவந்த ஆள். எல்லாம் இனி அவன் கண்டுபிடிப்பு.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடினான். மூடி போடாத பாட்டில். போட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். அலை அடித்தது சார், கை வழுக்கிடுச்சு சார். சித்திரையில் பார்த்தேனே, அந்தத் தொங்கிய முகம், அதைவிடப் பெரிதாக ஒன்றை இப்போது பார்க்கலாம். பொய் சொல்லவில்லை, கை சாய்ந்தது. ஒரு சொட்டு வெளியேகூடப் போனது. வீட்டுக்காரர் சுக்கானிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலுக்குள் கண்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. தண்ணீர் போகிற பக்கம்தானே அவை போக முடியும்.

மூடியைப் போட்டு இறுக்கினேன். "பாத்துப் புடிங்க சார், வழுக்கும்" என்று அவனிடம் நீட்டினேன்.

எண்ணி முடிக்க நாள் பிடித்தது. கால்வாய்த் திட்டத்தை அந்த அதிகாரி நிறுத்திவைத்தார். முகத்துவாரம் இன்னும் அப்படியே திறந்து கிடக்கிறது. தண்ணீர் லாரி வரிசையில் என் பக்கத்து இடம் மெதுவாக நிறைந்துவிட்டது, பேன் பார்த்தவள் முதலில் வந்தாள். மாநாட்டில் அந்த பாட்டிலின் படத்தை அவன் பெரிதாகப் போட்டானாம். எடுத்தது யார் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

மாநாட்டிலிருந்து வந்த வாரம், அலமாரியைக் காட்டி, "அந்தச் சித்திரை மாச பாட்டில் மூணும் சும்மாதானே கிடக்கு, கழுவி வெச்சுடுங்க" என்றான். எடுத்துப் போய்ப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன். உள்ளே கழுவுவதற்கு எதுவும் இல்லை, சீட்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே எடுத்துத் தண்ணீரில் காட்டி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். 'மீன்குஞ்சு இல்லை' என்பது ஓர் எழுத்துகூடக் கலையவில்லை, கீழே என் கையெழுத்தும் அப்படியே இருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம். மூன்றையும் துடைத்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, மூன்று பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஐஸ் பெட்டியில் நீலக் கோடு போட்ட சட்டை இன்றைக்கும் கெடாமல் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அந்தக் கையெழுத்தும் இருக்கிறது.